திறக்காத 89 பாட்டில்கள்

தலைப்பைப் பார்த்துட்டு, "இதை எப்படி எடிட்டோரியல் டீம் விட்டாங்க?"ன்னு யோசிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். இது 'குடிங்க'ன்னு சொல்ற கட்டுரை இல்ல. 'குடிக்காதீங்க'ன்னு அட்வைஸ் பண்ற கட்டுரையும் இல்ல. அதுக்கு ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு இருக்கு. இது பீர் சேகரிக்கிறதைப் பத்தின கட்டுரை. சில பேர் தபால்தலை சேர்ப்பாங்க, சில பேர் பழைய நாணயம் சேர்ப்பாங்க. அது மாதிரி பெல்ஜியம் நாட்டு பீர் பாட்டில்களை வீட்டு நிலவறையில வருஷக்கணக்கா அடுக்கி வச்சிருக்கிற ஒருத்தரைப் பத்தினது. அவர் என் மாமா.

போன சம்மர் லீவுல ஒன்பது வாரம் இன்டர்ன்ஷிப்புக்காக பெல்ஜியத்துல லூவன்ங்கிற ஊருக்குப் போயிருந்தேன். 1425-ல தொடங்கின பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். ஊர் முழுக்க மாணவர்கள், சைக்கிள்கள், பழைய செங்கல் வீடுகள். மாமா அங்கே சிப் டிசைன் வேலையில இருக்கார். அவர் வீட்டுலதான் தங்கினேன்.

போகும்போது எனக்கு ரெண்டு வேலை இருந்தது. ஒண்ணு ப்ராஜெக்ட், அதைப் பத்தி ரிவ்யூவில தேவைக்கு மேலயே பேசியாச்சு. இன்னொண்ணு அம்மா கொடுத்த வேலை. அதைத்தான் இங்கே சொல்லப் போறேன்.

அம்மா கொடுத்த வேலை

எங்க சொந்த ஊர் கரூர். பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறைகளுக்குப் பேர் போன ஊர். அம்மாவோட அப்பா, அதாவது என் தாத்தா, அப்படி ஒரு பட்டறையில வெல்டர். அவர் வெல்டிங் அடிச்ச இடத்துல கையை வச்சுத் தடவினா ஒட்டு தெரியாதுன்னு ஊர்ல இன்னிக்கும் சொல்வாங்க. சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலி. அந்தக் கூலி வீடு வந்து சேர்றது கஷ்டம். அதனால பாட்டி, பத்து வயசு அம்மாவையும் ஏழு வயசு மாமாவையும் அஞ்சு மணிக்கே பட்டறை வாசலுக்கு அனுப்பிடுவாங்க. பாதிக் கூலியையாவது கையோட வாங்கிட்டு வரணும். சில வாரம் கிடைக்கும். சில வாரம் தாத்தா பின்பக்கமா போயிருப்பார். 47 வயசுல ஈரல் கெட்டு இறந்துட்டார்.

அம்மா இதைப் பெருசா பேசினதே இல்ல. ஆனா எங்க வீட்டுல கண்ணாடி பாட்டில் கிடையாது. நன்னாரி சர்பத் வாங்கினாக்கூட உடனே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்திட்டு, பாட்டிலை அன்னிக்கே பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடுவாங்க. எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

இந்த அம்மா, பொங்கல் அன்னிக்கு மாமாவோட வீடியோ கால் பேசினாங்க. சிக்னல் நல்லா கிடைக்கும்னு மாமா நடந்துகிட்டே பேசினதுல, பின்னாடி ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே மர ரேக். ரேக் முழுக்க பாட்டில்.

"அது என்ன?"

"பீர் அக்கா. குடிக்கிறதுக்கு இல்ல. சேர்த்து வைக்கிறதுக்கு."

உலகத்துல எந்த அக்காவும் நம்பாத பதில். அம்மா போனை வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் மாமா நம்பர் வந்தா போனை என் கையில கொடுத்துட்டு சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. எனக்கு விசா வந்த அன்னிக்கு மட்டும் சொன்னாங்க: "நீ அங்கதானே போற கண்ணு. அவன் எவ்வளவு குடிக்கிறான்னு பார்த்து, உள்ளதை உள்ளபடி எனக்குச் சொல்லு."

ஆக, நான் போனது இன்டர்ன் மட்டும் இல்ல, இன்ஸ்பெக்டரும்கூட.

நிலவறை

மாமா வீட்டுல சமையலறைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தா கீழே பன்னிரண்டு படி. அங்கே இருக்கிற பழைய வீடுகள்ல இப்படி ஒரு நிலவறை சாதாரணம். முன்னாடி நிலக்கரி, உருளைக்கிழங்கு போட்டு வச்ச இடம். ஜன்னல் கிடையாது. வெளியே 28 டிகிரி வெயில் அடிச்ச நாள்லயும் உள்ளே சுவர்ல மாட்டின தெர்மாமீட்டர் 13 காட்டுச்சு. பீரைச் சேமிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது: குளிர்ச்சி, இருட்டு, ஆட்டம் அசைவு இல்லாத அமைதி.

பெரும்பாலான பாட்டில்கள் நிமிர்ந்து நின்னுச்சு. அடியில ஈஸ்ட் படியணும்ங்கிறதுக்காக. தக்கை அடைச்ச சில பாட்டில்கள் மட்டும் படுத்திருந்தது. ஒவ்வொரு பாட்டில் கழுத்துலயும் நூல் கட்டி ஒரு சின்ன அட்டை. அதுல வாங்கின தேதி, 'இதுக்கு முன்னாடி திறக்கக்கூடாது'ன்னு ஒரு தேதி. பக்கத்துல கட்டம் போட்ட நோட்டு ஒண்ணு. திறந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் தேதி, யார் யார் இருந்தாங்க, வாசனை, ருசி எல்லாம் அதுல எழுதியிருக்கார்.

முதல் நாள் ராத்திரியே எண்ணிட்டேன். 86.

நாம கெமிக்கல் இன்ஜினியரிங். முதல் செமஸ்டர்லயே சொல்லிக் கொடுத்தது மெட்டீரியல் பேலன்ஸ்: உள்ளே வந்தது கழித்தல் வெளியே போனது, அதுதான் சேர்ந்தது. ஒருத்தர் எவ்வளவு குடிக்கிறார்னு அவர்கிட்ட கேட்டா சரியான பதில் வராது. ஆனா ரேக்கையும் பில்லையும் கேட்டா வரும். அதனால ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எண்ணி, போன்ல குறிச்சு வச்சேன்.

மாமாவோட வாங்குற முறை எளிமையானது. புதுசா ஒரு பீர் பிடிச்சா மூணு பாட்டில் வாங்குவார். ஒண்ணு இப்போ. ஒண்ணு ஒரு வருஷம் கழிச்சு. மூணாவது எப்போன்னு அவருக்கே தெரியாது.

வச்சா என்ன ஆகும்?

இங்கே ஒரு கேள்வி வரும். பீரை எதுக்கு வச்சிருக்கணும்? பால் பாக்கெட் மாதிரி அதுக்கும் தேதி முடிஞ்சிடாதா?

பெரும்பாலான பீருக்கு அதுதான் உண்மை. நம்ம ஊர்ல விக்கிற மாதிரி லாகர் பீர்களை வடிகட்டி, பாஸ்சரைஸ் பண்ணி அடைப்பாங்க. உள்ளே உயிர் கிடையாது. வைக்க வைக்க ஆக்சிஜன் வேலை காட்டி, ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாசனை வந்துடும். ஆனா பெல்ஜியத்துல பல பீர்கள்ல, பாட்டில்ல அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் சேர்த்து மூடுவாங்க. நொதித்தல் பாட்டிலுக்குள்ளயே இன்னொரு முறை நடக்கும். கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சதுதான்: 180 கிராம் குளுக்கோஸ்ல இருந்து 92 கிராம் எத்தனால், 88 கிராம் கார்பன் டை ஆக்சைடு. மூடி இறுக்கமா இருக்கிறதால வாயு வெளியே போக முடியாம பீர்லயே கரையும். நுரை வெளியில இருந்து அடைச்ச கேஸ் இல்ல, உள்ளயே உண்டானது. உள்ளே மிச்சம் இருக்கிற ஆக்சிஜனையும் ஈஸ்ட் எடுத்துக்கும். அதனால ஆல்கஹால் அதிகமா இருக்கிற, கருத்த, கனமான பீர்கள் வருஷக்கணக்குல மெல்ல மெல்ல மாறிட்டே இருக்கும்.

இதுக்கு நல்ல உதாரணம் ஓர்வால். பெல்ஜியத்தோட தெற்கு மூலையில இருக்கிற ஒரு மடாலயத்துல காய்ச்சுறது. லேபிள்ல, வாயில மோதிரத்தைக் கவ்வின ஒரு மீன். மடில்டாங்கிற சீமாட்டி ஊத்துல மோதிரத்தைத் தொலைச்சதாவும், வேண்டிக்கிட்டதும் ஒரு மீன் அதை எடுத்துட்டு வந்து கொடுத்ததாவும் கதை. (சகுந்தலை கதையில வர்ற மீன் ஞாபகம் வருதுல்ல?) இந்த பீரை அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ்னு ஒரு காட்டு ஈஸ்ட்டைச் சேர்ப்பாங்க. சாதாரண ஈஸ்ட் சாப்பிடாம விட்ட சர்க்கரையையும் அது நிதானமா சாப்பிட்டுட்டே இருக்கும். பாட்டில்ல அடைச்ச தேதியை லேபிள்லயே போட்டுடுவாங்க. ஏன்னா மூணு மாச ஓர்வாலும் மூணு வருஷ ஓர்வாலும் ரெண்டு வேற பீர். மாமா நோட்டுல பார்த்தேன். மூணு மாசம்: 'நாரத்தைத் தோல், கசப்பு.' பதினாலு மாசம்: 'புதுச் செருப்புக் கடை. கசப்பு குறைஞ்சிருக்கு.' மூணு வருஷம்: 'தோல், காய்ஞ்ச வைக்கோல், புளிப்பு லேசா. நல்லா இருக்கு.'

"இதையே நம்ம ஊர்ல வச்சா?"ன்னு கேட்டேன். "பத்து டிகிரி ஏறினா ரியாக்‌ஷன் வேகம் ரெண்டு மடங்குன்னு படிச்சிருப்பியே மாப்ள, போட்டுப் பாரு"ன்னார். தோராயமான விதிதான். ஆனாலும் 13 டிகிரிக்கும் கரூர் வீட்டு 33 டிகிரிக்கும் நாலு மடங்கு வித்தியாசம். மூணு வருஷத்துல நடக்க வேண்டியது ஒன்பது மாசத்துல நடக்கும், அதுவும் கோணல்மாணலா. ஈஸ்ட் நிதானமா செய்யற வேலையை வெப்பம் முந்திக்கும்.

வெளிச்சமும் எதிரி. ஹாப்ஸ்ல இருந்து வர்ற கசப்பு மூலக்கூறு வெளிச்சம் பட்டா உடைஞ்சு, கந்தகம் கலந்த ஒரு தயாலா மாறும். கேஸ் சிலிண்டர் கசியுறது தெரியணும்னு சேர்க்கிறாங்களே, அந்த நாத்தத்தோட சொந்தக்காரன். பாட்டில்கள் பழுப்பு நிறத்துல இருக்கிறதுக்குக் காரணம் அதுதான், அழகு இல்ல.

பீர் நம்ம சிலபஸ்ல ஏற்கெனவே இருக்குங்கிறதையும் சொல்லிடறேன். ஸ்டாடிஸ்டிக்ஸ்ல வர்ற ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்டை 1908-ல வெளியிட்ட கோசெட், டப்ளின்ல கின்னஸ் ஆலையில வேலை பார்த்தவர். 'ஸ்டூடன்ட்' அவரோட புனைபெயர். பி.எச். அளவுகோலை 1909-ல கொடுத்த சோரன்சன், கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்துல இருந்தவர். இன்டர்னல்ல அஞ்சு மார்க்குக்கு நாம பட்ட பாடெல்லாம் இவங்களாலதான்.

சாமியார்கள், சிலந்திகள், ஒரு பால்காரர்

மாமா ரேக்கோட மேல் தட்டு 'டிராப்பிஸ்ட்' பீர்களுக்கு. இது பீர் வகையோட பேர் இல்ல. டிராப்பிஸ்ட்ங்கிறது ஒரு துறவியர் சபை. மடாலயத்து மதிலுக்குள்ள, துறவிகளோட மேற்பார்வையில காய்ச்சணும். வருமானம் மடத்தோட செலவுக்கும் தர்மத்துக்கும்தான் போகணும். அப்படி இருந்தா மட்டும் லேபிள்ல ஒரு அறுகோண முத்திரை போட அனுமதி. பெல்ஜியத்துல இப்போ அந்த முத்திரை இருக்கிறது அஞ்சு மடங்களுக்கு: ஓர்வால், ஷிமே, ரோஷ்ஃபோர், வெஸ்ட்மால, வெஸ்ட்ஃப்ளெட்டரன். ஆறாவதா இருந்த ஆஹெல்ல துறவிகள் இல்லாம போனதால 2021-ல முத்திரையும் போயிடுச்சு. பீர் அதே பீர்தான். ஆனா சாமியார் இல்லைன்னா முத்திரை இல்ல.

வெஸ்ட்ஃப்ளெட்டரன்தான் இருக்கிறதுலயே பிடிவாதம். டிமாண்ட் எவ்வளவு ஏறினாலும் உற்பத்தியை அதுக்காக ஏத்த மாட்டாங்க. ரொம்ப வருஷம் பாட்டில்ல லேபிளே கிடையாது, மூடி நிறத்தை வச்சுத்தான் அடையாளம். 2019 வரைக்கும் போன் பண்ணி, கார் நம்பரைப் பதிவு பண்ணி, சொன்ன நேரத்துக்கு மடத்து வாசலுக்குப் போய் மரப்பெட்டியில வாங்கிட்டு வரணும். மாமா ஒரு தடவை ஆபீஸ்ல உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் ரீடயல் அடிச்சிருக்கார். தட்கல் டிக்கெட் அனுபவம்தான் அன்னிக்கு கை கொடுத்துச்சாம். இப்போ ஆன்லைன் வந்துடுச்சு.

படுத்திருந்த பாட்டில்கள் வேற ஜாதி. 'இது கோஸ்'னு மாமா சொன்னப்போ எனக்கு முட்டைகோஸ்தான் ஞாபகம் வந்தது. லாம்பிக்னு ஒரு பீர் இருக்கு. அதுல ஈஸ்ட்டே போட மாட்டாங்க. காய்ச்சின சாற்றை, அகலமான, ஆழம் கம்மியான செம்புத் தொட்டியில ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பாங்க. காத்துல இருக்கிற நுண்ணுயிரிகள் தானா வந்து விழும். நம்ம இட்லி மாவும் யாரும் ஈஸ்ட் போடாமத்தானே புளிக்குது? குளிர்கால ராத்திரிகள்ல மட்டும்தான் காய்ச்சுவாங்க. வெயில் காலத்துல வேண்டாத கிருமிகள் அதிகம். அப்புறம் மரப்பீப்பாயில ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம். ஒரு வயசு, ரெண்டு வயசு, மூணு வயசு லாம்பிக்கைக் கலந்து பாட்டில்ல அடைச்சா அதுதான் கோஸ். இளசுல சர்க்கரை இருக்கு, முதிர்ந்ததுல ருசி இருக்கு. ஷாம்பெயின் மாதிரி தக்கையைக் கம்பியால கட்டி வைப்பாங்க. இருபது வருஷம்கூடத் தாங்கும்.

ஒரு நாள் பிரஸ்ஸல்ஸ்ல கான்டியோன்ங்கிற ஆலைக்கு மாமா கூட்டிட்டுப் போனார். 1900-ல ஆரம்பிச்சது, இன்னும் குடும்பத்தோட கையில. பீப்பாய் அறை முழுக்க ஒட்டடை. யாரும் அடிக்க மாட்டாங்க. பழ ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கும்கிறதால அதுங்களுக்கு அங்கே நிரந்தர வேலை. நம்ம லேப் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற யாரும் அங்கே பாஸ் மார்க் போட மாட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஹூகார்டன் கதை. லூவன்ல இருந்து பக்கத்து ஊர். கோதுமையில காய்ச்சுற வெள்ளை பீருக்குப் பேர் போன அந்த ஊர்ல, கடைசி ஆலை 1957-ல மூடிட்டாங்க. பியேர் செலிஸ்னு ஒரு பால்காரர். சின்ன வயசுல அந்த ஆலையில கூடமாட உதவி பண்ணினவர். 1966-ல தானே காய்ச்ச ஆரம்பிச்சார். அதுல சேர்க்கிற ரெண்டு சாமான்: ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை. அத்தை முதல் தடவை மோந்து பார்த்துட்டு, "இதுல ரசப்பொடி வாசம் வருது"ன்னாங்களாம். நாக்கு பொய் சொல்லல.

அவங்க நாகரிகம், நம்ம நாகரிகம்

2016-ல பெல்ஜிய பீர் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. இதைப் படிச்சதும் ஒரு வரி வாயில வரும்: 'அவங்களுக்குக் குடிக்கத் தெரியும், நம்மாளுங்களுக்குத் தெரியாது.' டீக்கடையில இருந்து டெக்ஃபெஸ்ட் வரைக்கும் கேட்ட வரி. நானும் மாமாகிட்ட அதைச் சொன்னேன். அவர் ஒரே வார்த்தை சொன்னார்: "வாண்டர்வெல்டே."

அப்புறம் தேடிப் படிச்சேன். முதல் உலகப்போர் முடிஞ்ச சமயம், பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்கள் ஜெனீவர்ங்கிற சாராயத்தால சீரழிஞ்சுட்டிருந்துச்சு. எமில் வாண்டர்வெல்டே அப்போ நீதித்துறை அமைச்சர், சோஷலிஸ்ட். 1919-ல சட்டம் வந்துச்சு: கஃபேக்கள்ல சாராயம் விக்கக் கூடாது. கடையில வாங்கினா குறைஞ்சது ரெண்டு லிட்டர் வாங்கணும். ஏன் ரெண்டு லிட்டர்? ஒரு தொழிலாளியோட கையில அவ்வளவு காசு ஒரே நேரத்துல இருக்காதுங்கிறதுதான் கணக்கு. அறுபது வருஷத்துக்கு மேல அந்தச் சட்டம் இருந்தது. சாராயம் போன இடத்தை நிரப்பத்தான் பெல்ஜியத்துல கனமான பீர்கள் வளர்ந்ததுன்னு சொல்வாங்க. இன்னிக்கு நாம 'ஆஹா'ன்னு பார்க்கிற அந்தப் பாட்டில்களுக்குப் பின்னாடி, கூலி நாள்ல வாசல்ல காத்திருந்த குடும்பங்கள் அங்கேயும் இருந்திருக்கு.

நம்ம பக்கமும் பாருங்க. மூங்கில் குழாயில ஊத்தி முதிர வச்ச தேறலைப் பத்தி சங்கப் பாடல்கள் பேசுது. திருக்குறள்ல கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே இருக்கு. 1937-ல மதுவிலக்கு முதல்ல வந்தது பக்கத்துல சேலத்துலதான். 2003-ல இருந்து சில்லறை விற்பனையே அரசு நிறுவனத்தோட கையில. ரசிச்சவங்க, கெட்டவங்க, தடுத்தவங்க எல்லாரும் ரெண்டு ஊர்லயும் உண்டு. இது ரத்தத்துல வர்ற விஷயம் இல்ல.

இன்னொரு கணக்கும் போட்டுடலாம். வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12-ல ஆல்கஹால் 10.2 சதவீதம். 330 மில்லி சின்ன பாட்டில்ல சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 34 மில்லி. நம்ம ஊர் 650 மில்லி பெரிய பாட்டில், 5 சதவீதம்னா, 32.5 மில்லி. ரெண்டும் ஒண்ணுதான். ஈரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. காய்ச்சினது சாமியாரா வேற யாரான்னு அது கேக்காது. எந்த அளவும் முழுசா பாதுகாப்பு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லியாச்சு. மாமாவும் இதுல ஏமாத்திக்கிறது இல்ல. நோட்டுல ருசிக்குப் பக்கத்துல மில்லியும் எழுதி வைக்கிறார்.

ரிப்போர்ட்

ஒன்பதாவது வாரம் என் கணக்கு முடிஞ்சது. ஆரம்பம் 86. உள்ளே வந்தது 14. வெளியே போனது 11. மிச்சம் 89.

அந்த 11-ம் சனிக்கிழமை சாயங்காலம்தான் திறந்தது. மேஜையில மாமா, அத்தை, பக்கத்து வீட்டு ரிடையர்ட் வாத்தியார், சில நாள் மாமாவோட ஆபீஸ் நண்பர்கள். ஒரு பாட்டில் நாலு கிளாஸ். ஒவ்வொரு பீருக்கும் அதுக்குன்னு தனி கிளாஸ். அது அந்த ஊர் வழக்கம். எனக்கு ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய். அஞ்சு பிடிச்சது, மத்தது பிடிக்கல. ஊத்தி, மோந்து, பேசி, சண்டை போட்டு, நோட்டுல எழுதி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.

கிளம்புறதுக்கு முந்தின வாரம் நிலவறையில பாட்டில்களைத் துடைச்சுட்டு இருந்தப்போ மாமாகிட்ட நேரா கேட்டுட்டேன். "அந்த வீட்டுல வளர்ந்துட்டு உங்களுக்கு எப்படி மாமா இது பிடிச்சுது?"

அவர் துடைக்கிறதை நிறுத்தல. "அப்பா வாங்கின பாட்டில் ஒண்ணுகூட மறுநாள் காலையில வீட்டுல இருந்தது இல்ல மாப்ள. ஒரு பாட்டில் மூணு வருஷம் சும்மா நிக்குதுன்னா, அதைப் பார்க்கறதே எனக்குப் பெரிய விஷயம். திறக்கிறதைவிட இதுதான் எனக்கு வேணும்." கொஞ்ச நேரம் கழிச்சு, "என்னிக்காவது நான் மட்டும் தனியா கீழே வந்து ஒண்ணைத் திறந்தேன்னா, அன்னிக்கே எல்லாத்தையும் யார்கிட்டயாவது கொடுத்துடறதுன்னு உங்க அத்தைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்"ன்னார்.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். கணக்கைச் சொன்னேன். அவங்க எண்ணிக்கையைப் பத்திப் பேசவே இல்ல. ரெண்டே கேள்வி.

"தனியா குடிக்கிறானா?"

"இல்லம்மா. ஒரு தடவைகூட இல்ல."

"சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுலதான் இருக்கானா?"

"இருக்கார்மா. வீட்டை விட்டு எங்கேயும் போறது இல்ல."

ரொம்ப நேரம் சத்தம் இல்ல. அப்புறம், "சரி. வச்சுடு, குக்கர் விசில் வருது"ன்னாங்க. குக்கர் சத்தம் எனக்குக் கேக்கல.

அதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் மாமா கால் பண்ணினப்போ போனை என்கிட்ட கொடுக்காம அவங்களே பேசினாங்க. ஊர்ல யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை எல்லாம் பேசி முடிச்சுட்டு, கடைசியா, "அந்த ரூம்ல எலி வராதா?"ன்னு கேட்டாங்க. நான் ஊற வச்சு உரிச்சு நோட்டுல ஒட்டிக் கொண்டு வந்த லேபிள்களையும் பார்த்தாங்க. ஓர்வால் லேபிளைக் காட்டி, "இது மீன் கம்பெனியா?"ன்னாங்க. ஆனா எங்க வீட்டுல இன்னும் கண்ணாடி பாட்டில் கிடையாது. இருக்கணும்னு நான் சொல்லவும் மாட்டேன். அம்மாவோட விதிக்கும் மாமாவோட ரேக்குக்கும் காரணம் ஒரே வாசல்தான். ரெண்டு பேரும் அங்கே ஒண்ணா நின்னவங்க.

உங்களுக்கு

இதைப் படிக்கிற உங்கள்ல சில பேர் வீட்டுலயும் அப்படி ஒரு சனிக்கிழமை இருந்திருக்கும். யார்னு எனக்குத் தெரியாது, ஆனா ஒவ்வொரு கிளாஸ்லயும் இருக்கீங்க. பிளேஸ்மென்ட் ட்ரீட்டுல 'எனக்கு வேணாம்டா'ன்னு சொல்றப்போ உங்களைக் கலாய்க்கிறவங்களுக்கு நீங்க விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. 'வேணாம்' போதும். கலாய்க்கிறவங்களுக்கு ஒண்ணு: பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் எந்த வாசல்ல நின்னுட்டு வந்திருக்கான்னு உங்களுக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுல சட்டப்படி வயசு 21. எனக்கு இப்போ 21. அதனால எதுவும் மாறல. கரூர் வெயில்ல நிலவறை கட்டுற எண்ணமும் இல்ல. ஆனா ஒருத்தர் குடியைப் பத்திப் பேசும்போது எவ்வளவுன்னு கேக்கிறதுக்கு முன்னாடி, அம்மா கேட்ட அந்த ரெண்டு கேள்வி இப்போ எனக்கு முதல்ல வருது.

யாராவது லூவன் பக்கம் இன்டர்ன்ஷிப் கிடைச்சுப் போனீங்கன்னா, பிரஸ்ஸல்ஸ்ல அந்தச் சிலந்தி ஆலையைப் பார்த்துட்டு வாங்க. ஃபெர்மென்டேஷன் யூனிட்டுல படிச்சது எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும். சுத்திப் பார்க்க குடிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல. அப்படியே மாமா வீட்டுக்கும் போகலாம், அத்தை ரசம் நல்லா வைப்பாங்க. கடைசியா கேட்டப்போ ரேக்குல 91 ஆயிடுச்சாம்.